விரல் ரேகை தேய்ந்தவன் வங்கிக் கிளைகளுக்கு எழுதும் மடல்

வங்கிக் கிளை மேலாளர்களுக்கும், கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். எனக்கு வயது 79. மயிலாடுதுறைக்காரன், எங்கள் வாயில் அது இன்னும் மாயவரம்தான். 1968இல் தபால் துறையில் சேர்ந்து, 2006 டிசம்பரில் ஓய்வு பெற்றேன். மத்திய அரசு பென்ஷன். தபால் ஆபீஸிலேயே வாழ்ந்தவன் பென்ஷனைப் போய் வங்கியில் வாங்குகிறானே என்று கூட்டாளிகள் இன்னமும் கேலி செய்வார்கள். மகன் பேச்சைக் கேட்டு, ஏ.டி.எம். வசதிக்காக அப்போது மாற்றிக்கொண்டது. அந்த ஏ.டி.எம்.மில் நான் பணம் எடுத்தது மொத்தம் எட்டோ ஒன்பதோ தடவை, அதிலும் இரண்டு தடவை அட்டையை உள்ளே விட்டுவிட்டு வந்தேன். அது வேறு கதை.

எந்த வங்கி, எந்தக் கிளை என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு கிளை ஒரு வாரத்துக்கு ஒழுங்காக நடந்துகொள்ளும், மற்ற கிளைகளெல்லாம் நல்லவேளை நாம் இல்லை என்று காபி குடிக்கப் போய்விடும். அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வந்தேன். உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகும் சடங்கு. நீங்கள் கிளையை மாடிக்கு மாற்றிவிட்டீர்கள், 22 படி. கீழே ஏ.டி.எம்., மேலே மனிதர்கள். 11ஆவது படியில் ஒரு திருப்பம் வரும், அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தால் டோக்கன். உட்கார நாலு நாற்காலி, நாலிலும் ஆள். இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை, ரேஷன் கடையிலும் இதே கதைதான். என் முறை வந்தது. கவுண்டரில் இருந்த தம்பி அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். வலது கட்டைவிரலை வைத்தேன், சிவப்பு விளக்கு. ஆட்காட்டி விரல், சிவப்பு. துடைத்துவிட்டு வையுங்கள் என்றார், வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன். தலையில் தேய்த்துவிட்டு வையுங்கள், எண்ணெய்ப் பசை பட்டால் வரும் என்றார். என் தலையில் எண்ணெய் நிற்க ஏது முடி! பின்னால் நின்றிருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். பத்து விரலும் முடிந்தது. பத்தும் சிவப்பு.

அப்போது அந்தத் தம்பி என்னை விட்டுவிட்டு, துணைக்கு வந்திருந்த என் பேரனைப் பார்த்து, “உங்க தாத்தாவுக்கு மேட்ச் ஆகலைங்க” என்றார். பேரனுக்கு 19 வயது. அவனிடம் என்னைப் பற்றிப் பேசுகிறார், நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். “தம்பி, நான் இங்கேதான் இருக்கேன்” என்றேன். “தெரியுது சார், ஆனா சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது” என்றார்.

கோபம் வரவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பக்கத்து இரண்டு கவுண்டரும் காலி, மூன்று பேர் வேலையை அவர் ஒருவர் பார்க்கிறார், நடுநடுவே போன் வேறு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நானும் 38 வருஷம் உட்கார்ந்தவன், எனக்குத் தெரியாதா. ஆனால் படி இறங்கும்போது என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்த விரலுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தேன்.

என்ன ஆயிற்று என்று உங்களுக்கும் சொல்கிறேன். நான் சிக்னலர். தபாலும் தந்தியும் ஒரே கட்டடத்தில் இருக்கும் ஆபீஸை கம்பைண்ட் ஆபீஸ் என்போம், அங்கே தபால் வேலையோடு தந்தி அடிக்கவும் பெறவும் பயிற்சி எடுத்தவனுக்கு சிக்னலர் என்று பெயர். ஒவ்வொரு எழுத்தையும் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்ப மோர்ஸ் கீ என்று பித்தளையில் ஒரு கட்டை இருக்கும். அதன் குமிழைக் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடித்து, மணிக்கட்டிலிருந்து அடிக்கவேண்டும். விரலில் இருந்து அடித்தால் சீக்கிரம் வலி கண்டுவிடும். அந்தப்பக்கம் யார் அடிக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். சீர்காழிக்காரர் கோட்டை இழுத்து அடிப்பார், குத்தாலத்துக்காரர் புள்ளியை விழுங்குவார். முகம் பார்க்காமலே வருஷக்கணக்கில் பழகியிருக்கிறோம். ஒரு நாள் குத்தாலத்துக்காரருடைய கை வேறு மாதிரி கேட்டது, உடம்பு சரியில்லையா என்று கேட்டு அடித்தேன், காய்ச்சல் என்று பதில் வந்தது. கம்பியில் கேட்ட சத்தத்தை வைத்து மனிதனை அடையாளம் கண்ட காலம் அது.

அது போக கோந்து, அரக்கு, முத்திரைக் கட்டை, அந்தக் கறுப்பு மை, பிறகு நோட்டு எண்ணுவது. 38 வருஷம் இந்த விரல்கள் செய்த வேலைக்குத் தேயாமல் இருந்தால்தான் அதிசயம். வயதானால் தோல் வறண்டு, இழுவை போய், ரேகை மேடுகள் தட்டையாகிவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சிமெண்டு வேலை பார்த்தவர்களுக்கும், பாத்திரம் தேய்த்தே காலம் கழித்த பெண்களுக்கும் இன்னும் சீக்கிரமே போய்விடுமாம். அதாவது யார் அதிகம் உழைத்தார்களோ அவர்களைத்தான் அந்தப் பெட்டிக்கு அடையாளம் தெரியவில்லை.

இப்போது என் கை நடுங்குகிறது. குளிரில் பல் தந்தி அடிக்கிறது என்பார்களே, எனக்குக் கையே தந்தி அடிக்கிறது, யாருக்கு என்றுதான் தெரியவில்லை. அதனால் கையெழுத்தும் தகராறு. ரேகை வராததால் திங்கட்கிழமை திரும்பி வரச்சொன்னீர்கள், வந்தேன், மேலாளர் லீவு. வியாழக்கிழமை வந்தேன், பழைய காகித ஃபாரம் கொடுத்தீர்கள். முதலிலேயே கொடுத்திருக்கலாம், காகித ஃபாரம் ஒழிந்துவிடவில்லை, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் இன்றும் செல்லும். போட்டேன். 2006இல் நான் போட்ட மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். 60 வயதுக் கையும் 78 வயதுக் கையும் எப்படி ஒத்துப்போகும்? கடைசியில் ஒரு அதிகாரி அம்மா எழுந்து வந்து, என் பென்ஷன் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “இவர்தான்பா” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு பார்வைக்கு மூன்று நாள், 66 படி. இறங்கும் கணக்கைச் சேர்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறந்துவிடுவேன். அந்த வியாழக்கிழமை நான் காத்திருந்தபோது உங்கள் ஆள் ஒருவர் என் பேரனிடம் ஆயுள் காப்பீடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தாத்தா உயிரோடு இருப்பதே இன்னும் ருசுவாகவில்லை, அதற்குள் பேரனுக்கு இன்சூரன்ஸ். உங்களுக்கும் மேலே இருந்து டார்கெட் கொடுத்து நெருக்குகிறார்கள் என்று புரிகிறது. இருந்தாலும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

சரி, எனக்கும் ஒரு கணக்குத் தீர்க்கவேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களை மட்டும் குறை சொன்னால் நியாயம் இல்லை.

1977 நவம்பர் 12. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே புயல் கரை கடந்தது. நான் அப்போது அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸில். ராத்திரி முழுக்கக் கதவுக்குப் பின்னால் மேசையை முட்டுக்கொடுத்து, மூன்று பேர் அதன்மேல் உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை, கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கம்பி வயலில் கிடக்கிறது. தஞ்சை மாவட்டத்துக்கரை முழுக்க நூற்றுக்கணக்கான சாவு. ஒரே வாரத்தில் 19ஆம் தேதி ஆந்திராவில் அதைவிடப் பெரிய புயல் அடித்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் போய்விட்டார்கள், பத்திரிகையெல்லாம் அங்கே திரும்பிவிட்டது. எங்கள் புயலை எங்களைத் தவிர யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

லைன் சரியானதும் ஆபீஸ் வாசலில் வரிசை. எல்லாருக்கும் ஒரே செய்திதான், நான் பிழைத்திருக்கிறேன் என்று வெளியூரில் இருக்கும் மகனுக்கு, கணவனுக்கு, அண்ணனுக்குச் சொல்லவேண்டும். நாகூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு சிங்கப்பூர், மலேயா. இப்போது யோசித்தால் அந்த வரிசை முழுக்க லைஃப் சர்டிபிகேட் வரிசைதான். தந்தியில் சொல்லுக்குக் காசு, அதனால் எல்லாருக்கும் ‘ஆல் சேஃப்’ என்று இரண்டு சொல் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு கிழவி வந்தாள். 70 வயது இருக்கும், புடவை இன்னும் ஈரம். மெட்ராஸில் ஹோட்டலில் வேலை பார்க்கும் மகனுக்கு அனுப்பவேண்டும். நான் ‘ஆல் சேஃப்’ என்று எழுதினேன். என்ன எழுதினே என்று கேட்டாள், எல்லாரும் சௌக்கியம்னு எழுதியிருக்கேன் என்றேன். “எல்லாரும்னு எப்படி எழுதுவே தம்பி, மாடு போயிடிச்சே” என்றாள்.

இரண்டு ராத்திரி தூங்காத கண் எனக்கு. மாட்டுக்கெல்லாம் தந்தி இல்லை, அடுத்த ஆள் வாங்க என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து காசை எண்ணி வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள், அப்புறம் காணோம்.

அவள் அப்படி ஒன்றும் கேட்டுவிடவில்லை. மாடும் போய்விட்டது என்று இன்னும் இரண்டு சொல். அவளிடம் காசு இல்லையென்றால் நானே போட்டிருக்கலாம். அந்த மகன் தந்தியைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான், பொங்கலுக்கு ஊருக்கு வந்து வெறும் கொட்டகையைப் பார்த்திருப்பான். இது நடந்து இத்தனை வருஷத்துக்கு அப்புறம், உங்கள் கவுண்டரில் அந்தத் தம்பி என்னைத் தாண்டிப் பார்த்தபோது, எனக்கு அந்த ஈரப் புடவைதான் கண்ணில் வந்தது.

அதே ஆபீஸ் வேலையில்தான் முதியோர் பென்ஷன் மணியார்டர்களும் வரும். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிகளின் இடது கட்டைவிரலை நானே பிடித்து மை ஒற்றி, ஃபாரத்தில் உருட்டி வைப்பேன், பக்கத்தில் ஒருவர் சாட்சி போடுவார். எத்தனை நூறு ரேகை எடுத்திருப்பேன், எதையும் யாரும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. சில பாட்டிகளுக்கு மை வைத்தால் ரேகையே விழாது, வெறும் கறுப்புப் பொட்டுத்தான் விழும். அதற்கும் காசு கொடுத்தோம். ஏனென்றால் அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார், அவரை எங்களுக்குத் தெரியும். அதில் மோசடி நடக்கவில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன், நடந்தது. செத்துப்போனவர் பேரில் மணியார்டர் வாங்கிய கதைகள் எங்கள் துறையிலேயே உண்டு. அதனால் இந்தப் பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பெட்டிக்குத் தெரியாதபோது நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள் என்கிறேன்.

இப்போது உங்களில் சிலர் சொல்வது கேட்கிறது. ஐயா, இதற்கெல்லாம் ஏன் வருகிறீர்கள், வீட்டிலிருந்தே செய்யலாமே. எனக்கும் தெரியும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்று டிஜிட்டல் சான்றிதழ் வந்தது, 2021 நவம்பரில் செல்போனில் முகம் காட்டியே கொடுக்கும் வசதி வந்தது. என் பேரன் அதையும் செய்து பார்த்தான். வெளிச்சத்தில் உட்கார், கண்ணாடியைக் கழற்று, கண்ணைச் சிமிட்டு என்றது. சிமிட்டினேன். திரும்பவும் சிமிட்டு என்றது. அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி, “நான் சொல்றேன் எழுதிக்கோ, இந்த மனுஷர் உயிரோடதான் இருக்கார், விடிஞ்சதுலேருந்து ரெண்டு தடவை காபி கேட்டாச்சு” என்று குரல் கொடுத்தாள். அதற்கு அந்த செயலியில் இடம் இல்லை.

தபால்காரர் வீட்டுக்கே வந்தும் எடுத்துக் கொடுக்கிறார், 70 ரூபாய் கட்டணம். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் எங்கள் சீர்காழிக்காரருக்கு அப்படித்தான் நடக்கிறது, அந்தப் பையன் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பெரியவரைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, போனைக் காட்டி எடுத்தானாம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது, எங்கள் டிபார்ட்மெண்ட் பிள்ளை அல்லவா. தந்தியை 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள், தபால்காரர் இன்னும் நடக்கிறார்.

ஆனால் நான் வங்கிக்கு வருவது ஃபாரத்துக்காக மட்டும் இல்லை. இதை எப்படிச் சொல்வது. என் வயதில் நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. மூன்றரை மணிக்கு முழிப்பு வந்துவிடும். விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு, எந்த ஆபீஸில் எந்த வருஷம் யார் போஸ்ட்மாஸ்டர் என்று வரிசையாக நினைவுபடுத்திப் பார்ப்பேன், அது இன்னும் அப்படியே இருக்கிறது. நேற்று எந்த மாத்திரையை விட்டேன் என்பதுதான் நினைவில் இல்லை. செய்தித்தாளில் முதலில் பார்ப்பது இரங்கல் பக்கம். போனில் இருக்கும் பெயர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை, அழித்துவிடவும் மனம் வரவில்லை. மத்தியானம் கொஞ்சம் தூக்கம், சாயங்காலம் கோயில் வரை ஒரு நடை, அதையும் மழை, நாய், வெட்டிப்போட்ட சாக்கடை மூன்றும் அனுமதித்தால்.

இப்படிப் போகிற வருஷத்தில் நவம்பர் வருகிறது. நவம்பர் எங்களுக்குத் திருவிழா மாதிரி. கஞ்சி போட்ட வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, பென்ஷன் புத்தகம், ஆதார், பாஸ்புக் மூன்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து வருகிறோம். கிளையில்தான் பழைய ஆள்களைப் பார்க்கிறோம். ஆசிரியராக இருந்தவர், ரயில்வேக்காரர், ராணுவத்தில் இருந்தவர், எங்கள் தபால் ஆள்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அங்கேதான் தெரியும். அவரைக் காணோமே என்று கேட்போம், ஆடியிலேயே போய்விட்டார் என்று பதில் வரும். முடித்துவிட்டு மணிக்கூண்டுப் பக்கம் போய், சர்க்கரை வியாதியை வீட்டுக்குத் தெரியாமல் அரை மணி நேரம் மறந்து, ஒரு காபி. நான் இருக்கிறேன் என்று எனக்கே தெரிவிப்பது அந்த ஒரு நாள்தான். அதை ‘வீட்டிலிருந்தே செய்துகொள்ளுங்கள்’ என்று நீங்கள் சொல்லும்போது, வராதீர்கள் என்று சொல்வது போலத்தான் என் காதில் விழுகிறது. செவிடு கொஞ்சம் உண்டு, தப்பாகவும் விழுந்திருக்கலாம்.

எங்கள் ஊரில் ஐப்பசி முழுக்கக் காவிரியில் துலா முழுக்கு. ஐப்பசி கடைசி நாள் கடைமுகம், துலாக்கட்டத்தில் எள் போட்டால் எள் விழாது. ஒரு நொண்டி எங்கோ தூரத்திலிருந்து தவழ்ந்து தவழ்ந்து வந்தானாம். அவன் வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து அழுதான். சுவாமி மனமிரங்கி, சரி, நீ இன்றைக்கு முழுகு, ஐப்பசி முழுக்கின் பலன் உனக்கும் உண்டு என்றாராம். அதனால் கார்த்திகை முதல் தேதிக்கு இன்றும் முடவன் முழுக்கு என்று பெயர், அன்றைக்கும் கூட்டம் வரும், கால் நன்றாக இருப்பவர்களும் வந்து முழுகுவார்கள். இங்கிலீஷ் காலண்டரில் அது நவம்பர் நடுவில் வரும், உங்கள் லைஃப் சர்டிபிகேட் மாதத்துக்கு நட்டநடுவில். எங்கள் ஊர்க் கிளைகளில் வேலை பார்ப்பவர்களாவது அன்றைக்கு ஒரு தடவை ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்குச் சலுகை செய்யுங்கள் என்று கேட்பதாக நினைக்காதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 நவம்பர் 9இல் போட்ட சுற்றறிக்கை உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். மூத்த குடிமக்களுக்கு முன்னுரிமைக் கவுண்டர், பென்ஷன் வாங்கும் வங்கியின் எந்தக் கிளையிலும் லைஃப் சர்டிபிகேட்டை வாங்கிக்கொள்வது, 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை, எல்லாம் அதில் இருக்கிறது. அதற்கும் முன்பிருந்தே இன்னொரு விதி உண்டு. கையெழுத்துப் போடமுடியாத, நோயில் கிடக்கும் பென்ஷன்காரர் பணம் எடுக்கவேண்டுமானால், கைக் கட்டைவிரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை, இரண்டு சாட்சி, அதில் ஒருவர் வங்கி அதிகாரி. கால்விரல்! அந்த விதியை எழுதியவர் யாரோ, தன் வீட்டில் ஒரு கட்டிலைப் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். அவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கிறார்கள், நாம் கவுண்டரில் ‘சிஸ்டம்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

பென்ஷன் என்பது மனசு வந்து கொடுக்கும் தர்மம் இல்லை, செய்த வேலைக்கான உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17இல் நகரா வழக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தேதியைத்தான் நாங்கள் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட்டம் என்றால் ஒரு கல்யாண மண்டபம், ஒரு மைக், நாலு பேச்சு, கேசரி. அதனால் ‘பெருசுங்க வந்துடுச்சு’ என்று உள்ளே யாரோ சொல்வது எங்களுக்குக் கேட்டால், காது கேட்காத மாதிரி இருந்துவிடுவோம், ஆனால் கேட்கிறது.

ஓ.டி.பி. விஷயம் ஒன்று. யாருக்கும் சொல்லாதீர்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள், போனில் செய்தி அனுப்புகிறீர்கள். நல்லது. லைஃப் சர்டிபிகேட் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி எங்கள் வயதுக்காரர்களுக்குத்தான் திருடர்கள் போன் செய்கிறார்கள், பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யவேண்டும் என்பதையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சுவரொட்டிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே, “சார், ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க” என்று உங்கள் ஆளே கேட்டால் நான் எதை நம்புவது? சொல்லாமல் இருந்தால் பிடிவாதக்காரக் கிழவன், சொன்னால் ஏமாந்த கிழவன். எண்ணை என் போனிலிருந்து நானே தட்டிக்கொள்ள வழி இருந்தால் தட்டிக்கொள்கிறேன், அரை நிமிடம் அதிகமாகும், அவ்வளவுதான்.

குறையாகவே எழுதிக்கொண்டு போகிறேன். நல்லதும் நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பீகார்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் கவுண்டருக்கு வந்தான், தமிழ் அறவே தெரியாது. எங்கள் ஆள்களுக்கெல்லாம் எரிச்சல், எனக்கும்தான், தமிழ் தெரியாதவனைத் தமிழ்நாட்டில் கவுண்டரில் உட்கார வைத்தால் கிராமத்து ஜனங்கள் என்ன செய்வார்கள், அந்தக் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வாக்கியம் “உக்காருங்க தாத்தா”. அதைச் சொல்லிவிட்டு எழுந்து தன் நாற்காலியையே தள்ளுவான். வேறு யாரோ அதே தாத்தாவைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும், சார் என்று கூப்பிட்டால் குறைந்துவிடுவாயா என்று தோன்றும். அவன் சொன்னபோது தோன்றவில்லை. இப்போது மாற்றலாகிப் போய்விட்டான்.

எனக்கு வரும் டிசம்பரில் 80. எண்பது ஆனால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல், 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறைத் தொட்டால் இன்னொரு முழுப் பென்ஷன். மனிதன் இருக்க இருக்க அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாக அசலைக் கூட்டுகிறது. குத்தாலத்துக்காரர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு, எவ்வளவு வரும், அதில் பேத்திக்கு எவ்வளவு, தனக்கு ஒரு நல்ல காது மிஷின் எவ்வளவு என்று சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மூன்று மாதம் முன்னதாகப் போய்விட்டார். புள்ளியை விழுங்கும் பழக்கம் கடைசிவரை விடவில்லை.

80 ஆனவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே லைஃப் சர்டிபிகேட் கொடுக்கலாம், நவம்பர் நெரிசலில் சிக்கவேண்டியதில்லை. ஆக, உங்கள் நவம்பர் வரிசையில் நான் நிற்கப்போவது இன்னும் ஒரே ஒரு தடவைதான். ஒரு பெஞ்ச் போட்டு வையுங்கள். அந்த 11ஆவது படித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் இருந்தாலும் போதும். பெட்டியில் இரண்டு விரல் சிவந்ததும் காகித ஃபாரத்தை எடுத்துவிடுங்கள், பத்து விரலையும் பார்க்கவேண்டாம். வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீது கொடுங்கள், அது எங்களுக்குப் பெரிய விஷயம், தபால்காரன் ரசீது இல்லாமல் எதையும் நம்பமாட்டான். பேரனோடு வருவேன். பேச்சை என்னிடம் வைத்துக்கொள்ளுங்கள், அவன் பாட்டுக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிக்னலர் ஒருவன்,
மயிலாடுதுறை.

பி.கு.: எந்தக் கிளை என்று சொல்லமாட்டேன் என்று எழுதிவிட்டேன், அதனால் இதை எல்லாக் கிளைகளுமே பார்த்துவிடுங்கள். அந்த வியாழக்கிழமை ஃபாரத்தைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றி மாற்றியதில், பழையதை மூன்றாவது கவுண்டரில், பேனாவைச் சங்கிலியில் கட்டிவைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பழுப்புக் கூடு, ஒரு பக்கக் காது நூலால் சுற்றியிருக்கும். கிடைத்தால் எடுத்து வையுங்கள், பாஸ்புக் போட வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.